மோர்ஜ் ஆற்றுப் பாலமும் நமக்கு இட்ட வேலியும்

அதிகாரத்தைப் பகிர்ந்தால் நாடு பிளந்துவிடும். இரு பிராந்தியங்கள் எல்லை கடந்து கைகோத்தால் இறைமை அழிந்துவிடும். இந்தப் பல்லவியை 1957ஆம் ஆண்டு தொடக்கம் நாம் கேட்டு வருகின்றோம். பாடுவோர் மாறினர், கட்சிகளின் நிறம் மாறியது, பாட்டு மட்டும் மாறவில்லை. இறைமை என்பது தொட்டால் உடையும் கண்ணாடிக் கிண்ணமோ? ஓர் ஊரவர் தம் காட்டையும் மேய்ச்சல் தரையையும் தாமே ஆண்டால் அரசொன்று கவிழ்ந்துவிடுமோ? இதற்கு விடை தேடுவோர் சட்டப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. லெமான் ஏரியின் தென்கரையிலே சான் ஜங்கோல்ப் என்றொரு சிற்றூர் இருக்கின்றது. அதைப் போய்ப் பார்த்தால் போதும். நாம் பார்த்தோம்.

சுவிற்சர்லாந்திலே நம்மவர் ஏறத்தாழ 50,000 பேர் வாழ்கின்றனர். நம் அரசியல்வாதிகளும் ஆண்டுதோறும் ஜெனீவாவுக்குப் போய் மனித உரிமை மண்டபத்தின் வாசலிற் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர். திரும்பியதும் மேடையேறிச் சமஷ்டியின் மகிமையைப் பாடுகின்றனர். சமஷ்டியோ மண்டபத்தில் இருப்பதன்று. அது ஊரில் இருக்கின்றது. அதே ஏரியின் மறுகோடிக்கு ஒருநாட் பயணம் போய்வர இவர்களுக்கு நேரம் வாய்க்கவில்லைப் போலும்.

சான் மோரிசிலிருந்து வரும் சுவிஸ் றெயில் இவ்வூருடன் நின்றுவிடுகின்றது. அப்பால் எவியானை நோக்கிச் செல்லும் தண்டவாளம் பற்றைக்குள் மறைந்து கிடக்கின்றது. அதிற் பயணிகள் சேவை 1938இல் நின்றது. நிலையத்திலிருந்து சிறிது தூரம் இறங்கினால் மோர்ஜ் என்னும் மலையாறு. நம் வழுக்கையாற்றைப் போல மழைக்கு மட்டும் ஓடுவதன்று. ஆயினும் பெரிய ஆறென்று சொல்லவும் இயலாது. அதன் கிழக்குக் கரை சுவிற்சர்லாந்தின் வலே மாநிலம். மேற்குக் கரை பிரான்சின் மேல் சவோய் மாவட்டம். பாலத்தைக் கடக்க ஒரு நிமிடமும் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தில் நாணயம் மாறுகின்றது, கொடி மாறுகின்றது, வரி மாறுகின்றது. மாறாதவை மொழியும் சமயமும் உறவு முறையும். கிழக்கே ஒரு கிராம சபை, மேற்கே ஒரு கிராம சபை. இரண்டுக்கும் தனித்தனித் தலைவர்கள். பெயரோ ஒன்றே.

ஊர் இவ்வாறு பிளந்த கதை நீண்டது, சுருங்கச் சொல்வோம். 1536ஆம் ஆண்டிலே சவோய்க் கோமகனின் நாட்டுக்குள் பேர்ண் படைகள் ஒரு புறமும் வலே படைகள் மறுபுறமும் புகுந்தன. 1569இல் தோனோன் நகரிற் செய்த உடன்படிக்கையின்படி மோர்ஜுக்கு மேற்கே உள்ளதை வலே திருப்பிக் கொடுத்தது. கிழக்கே உள்ளதை வைத்துக்கொண்டது. ஊரின் நடுவே ஓடிய ஆறு அன்று எல்லையாயிற்று. அரசருக்கும் ஆளும் சபைக்கும் வசதியான கோடு அது. பின்னர் 1792இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை சவோயிற் புகுந்தது. 1810இல் நெப்போலியன் வலேயையும் விழுங்கினான். அப்பொழுது இரு கரையும் ஒரே பேரரசின் கீழ் வந்தன. அப்படியும் இரு வேறு மாவட்டங்களாகவே நின்றன. 1815இல் வலே சுவிஸ் கூட்டிலே சேர்ந்தது. 1860இல் சவோய் பிரான்சுக்குச் சென்றது. ஆட்சியாளர் எத்தனை முறை மாறினர் என்று எண்ணிப் பாருங்கள். கோடு அசையவில்லை. கோட்டுக்கு அஞ்சி ஊரும் கலைந்துபோகவில்லை.

ஏன் கலையவில்லை? அங்கு கவனிக்க வேண்டியது இதுவே.

முதலாவது, காணி. ஊரின் பூர்வ குடிகளுக்கென்று ஒரு சபை உண்டு. அது இரு கரைக் குடிகளுக்கும் பொதுவான ஒரே சபை. எல்லையின் இரு புறத்தும் உள்ள காடுகளும் மலை மேய்ச்சல் தரைகளும் அதன் பொதுச் சொத்து. சுவிஸ் பிரசை ஒருவனுக்குப் பிரான்சின் மண்ணிலுள்ள காட்டிலும், பிரெஞ்சுப் பிரசை ஒருவனுக்குச் சுவிஸ் மண்ணிலுள்ள தரையிலும் பங்குண்டு. அவன் அவ்வூர்க் குடி என்பதே அதற்குப் போதிய ஆதாரம். பாரிசிலிருந்தோ பேர்ணிலிருந்தோ ஒரு காணி ஆணையாளர் வந்து, இந்த மலை அரச காணி, இங்கே வேறோர் இடத்திலிருந்து ஆயிரம் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றப் போகின்றோம் என்று அளவுச் சங்கிலியை இழுக்கவில்லை. நம் கமக்காரர்கள் இந்த வாக்கியத்தை மறுமுறையும் வாசிப்பாராக. கல்லோயா முதல் மணலாறு வரை நாம் கண்டது வேறு.

இரண்டாவது, கோயிலும் சேமக்காலையும். பங்குக் கோயில் ஒன்றே. அது பிரெஞ்சுக் கரையில் இருக்கின்றது. சேமக்காலையும் ஒன்றே, அதுவும் பிரெஞ்சுக் கரையில். சுவிஸ் கரையில் வாழ்ந்து மடிந்தவன் எல்லை கடந்து சென்று தன் பாட்டன் பூட்டனோடு மண்ணில் உறங்குகின்றான். இறந்தவனின் பிரயாணத்துக்கு எந்த வெளிநாட்டு அமைச்சும் அஞ்சி நடுங்கவில்லை. சுவிஸ் கரையிலோ 1588இற் கட்டிய கோட்டை மாளிகை நிற்கின்றது. ஏரியின் பழைய பாய்மரப் படகுகளைப் பற்றிய சிறு காட்சிச்சாலையும் அங்கு உண்டு. ஒரு கரைக்குக் கோயில், மறுகரைக்குக் கோட்டை. இரண்டும் தங்களுடையவை என்றே இரு கரையாரும் பேசக் கேட்டோம்.

மூன்றாவது, சந்தை. இது நம் சட்டத்தரணிகளுக்கு விருந்து. சற்றே விரித்துச் சொல்வோம். சவோய் அப்பொழுது சார்டினிய அரசின் பகுதி. 1816ஆம் ஆண்டுத் தூரின் உடன்படிக்கையின் தொடர்ச்சியாக, 1829இல் அவ்வரசு ஒரு பிரகடனத்தால் இவ்வூர்ப் புறத்தே தன் சுங்க வரம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. அரசியல் எல்லை ஆற்றில்; சுங்க எல்லை அதற்கு அப்பால். இடையிலுள்ள நிலத்தின் கமக்காரன் தன் விளைச்சலைப் பழைய சந்தைக்கே தடையின்றிக் கொண்டு செல்லலாம். ஜெனீவாவைச் சூழ்ந்தும் இவ்வாறான வலயங்கள் 1815, 1816ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் அமைந்திருந்தன. முதலாவது உலக யுத்தத்திலே பிரான்சு வென்றது. வென்றவனின் கை நீளுமல்லவா? வேர்சேய் உடன்படிக்கையின் 435ஆம் உறுப்புரையைச் சுட்டிக்காட்டி, அவ்வலயங்கள் காலாவதியாயின என்றது. இரு அரசாங்கங்களும் 1921இல் ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டன. சுவிஸ் வாக்காளரோ 1923 பெப்ரவரியில் அதனைப் பத்தில் எட்டுப் பேர் என்ற விகிதத்தில் தூக்கி எறிந்தனர். மந்திரிமார் கைச்சாத்திட்டதைக் குடிமக்கள் கிழித்தனர் என்க. நம் நாட்டிலே கைச்சாத்திட்டவரே கிழிப்பது வழக்கமாதலால், இது நமக்குப் புதுமையாகத் தோன்றலாம்.

அதன் பின்னரும் பிரான்சு 1923 நவம்பரிலே சுங்கச் சாவடிகளை ஆற்றங்கரைக்கே நகர்த்தியது. வழக்கு ஹேக் நகரின் நிரந்தர சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1932 யூன் 7ஆம் திகதி தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், ஐவர் மறுபக்கம். வேர்சேய் உடன்படிக்கை அவ்வலயங்களை ஒழிக்கவுமில்லை, ஒழிக்க நோக்கங் கொள்ளவுமில்லை. 1829ஆம் ஆண்டுச் சான் ஜங்கோல்ப் பிரகடனம் உட்படப் பழைய எழுத்துகள் யாவும் பிரான்சைக் கட்டுப்படுத்தும். 1934 சனவரி 1ஆம் திகதிக்கு முன் சுங்க வரம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்க என்பது தீர்ப்பு. உலகப் போரில் வென்ற வல்லரசு தன் சாவடியைப் பின்னுக்கு நகர்த்தியது. சில நூறு குடும்பங்கள் வாழும் ஊரின் பெயர் உலக நீதிமன்றத்தின் ஏட்டிலே நிற்கின்றது. 1977இல் இறக்குமதிக் கதவுகள் ஒரே நாளிற் போலத் திறக்கப்பட்டு யாழ்ப்பாணத்துச் செத்தல் மிளகாயும் வெங்காயமும் சந்தையில் வீழ்ந்தபோது, நம் தோட்டக்காரன் எந்த எழுத்தை எடுத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்குப் போயிருக்க முடியும்?

இன்றைய நடைமுறையையும் பாருங்கள். பிரெஞ்சுக் கரையில் வசித்து வலேயில் வேலை செய்வோர் பலர். இவர்களின் வரி யாருக்கு? 1983 ஏப்பிரல் 11ஆம் திகதி இரு அரசாங்கங்களும் வலே உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்காக ஓர் உடன்படிக்கை செய்தன. வரியைப் பிரான்சே அறவிடும். அவ்வுழைப்பாளரின் மொத்த ஊதியத்தில் 4.5 வீதத்தைச் சுவிஸ் பக்கத்துக்குச் செலுத்தும். கணக்குத் தீர்ந்தது. யாரும் யாருடைய இறைமையையும் களவாடவில்லை.

இதனால் அவ்வூரைச் சுவர்க்கம் என்று நாம் சொல்வதாக எவரும் கருத வேண்டாம். அதே ஆற்றின் கரையிலே கொடுமையும் நிகழ்ந்தது. 1942 ஓகஸ்ட் 13ஆம் திகதி சுவிஸ் அதிகாரிகள் எல்லையை மூடினர். யூதர் என்ற காரணத்தால் மட்டும் ஓடிவருவோர் அரசியல் அகதிகள் ஆகார் என்றனர். நடுநிலை நாட்டின் நெஞ்சில் நிலைத்துவிட்ட கறை அது. 1944 யூலையிலே, எதிர்ப்புப் படையினர் யேர்மன் காவலிடத்தைத் தாக்கியதற்குப் பழியாக, யேர்மன் படையினர் பிரெஞ்சுக் கரையிற் புகுந்து பங்குக் குருவையும் வேறு சிலரையும் சுட்டுக்கொன்றனர்; வீடுகளுக்குத் தீயிட்டனர். ஊரவர் பாலத்தைக் கடந்து கிழக்குக் கரைக்கு ஓடினர். அங்கு அவர்களுக்குக் கதவு திறந்திருந்தது. தம் சேமக்காலையிற் பங்குள்ளவரை, தம் காட்டிற் பங்குள்ளவரை அந்நியர் என்று எப்படிச் சொல்ல முடியும்? 2020 மார்ச்சிலே தொற்று நோயைக் காரணங் காட்டி இரு அரசுகளும் எல்லையை மூடின. யூன் 15ஆம் திகதி வரை ஒரே ஊரார் ஆற்றின் இரு கரையிலும் பிரிந்திருந்தனர். தலைநகரங்கள் விரும்பும்போது கோடு பல் காட்டத்தான் செய்யும். அதற்குத்தான் ஊரின் கையில் எழுத்தும் சபையும் இருத்தல் வேண்டும் என்கின்றோம்.

இங்கே ஒரு குரல் எழும்: ஐரோப்பா ஒன்றாகிவிட்டது, எல்லை அழிந்துவிட்டது, அதனாற்றான் இது இயன்றது என்று. பிழை. சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. 1992 திசெம்பரில் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தையே அதன் மக்கள் வாக்களித்து நிராகரித்தனர். கடவுச்சீட்டுச் சோதனை 2008 திசெம்பரில் நீங்கிற்று, சுங்கம் நீங்கவில்லை. பொதுக் காடோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நூற்றாண்டுகள் மூத்தது.

இன்னொரு குரல்: அவர்கள் செல்வர்; செல்வருக்கு எதுவும் இயலும். 1829இல் அந்த மலைச்சரிவிலே மாடு மேய்த்தவர்கள் செல்வர்கள் அல்லர். செல்வம் பின்னர் வந்தது. உரிமை முன்னர் வந்தது.

இப்பொழுது நம் வாசலுக்கு வருவோம். அந்த ஏரிக்கும் நமக்கும் ஒரு கசப்பான தொடர்பு உண்டு. 2006 பெப்ரவரியிலே ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள போசே மாளிகையில் இலங்கை அரசாங்கத்தாரும் விடுதலைப் புலிகளும் பேசினர். ஒக்டோபர் 28, 29ஆம் திகதிகளில் ஜெனீவாவிலே மீண்டும் கூடினர். பேச்சு எதில் உடைந்தது? ஒரு வீதியில்! ஓகஸ்டில் முகமாலையில் மூடிய ஏ9 வீதியைத் திற என்றது ஒரு தரப்பு. திறவோம் என்றது மறுதரப்பு. யாழ்ப்பாணத்திலே பல இலட்சம் மக்கள் கப்பலில் வரும் மாவையும் சீனியையும் எதிர்பார்த்து வரிசையில் நின்றனர். கிளாலிக் கடனீரேரியை முன்னொரு காலத்தில் நள்ளிரவில் வள்ளமேறிக் கடந்தவர்களுக்கு வரலாறு திரும்புவது போலிருந்தது. இரு நாடுகளுக்கிடையே ஒரு பாலம் திறந்திருந்த ஏரியின் கரையிலே, ஒரே நாடு என்று நாம் நாள்தோறும் போதிக்கப்படும் நாட்டின் ஒரு வீதியைத் திறக்க இயலவில்லை.

அதே ஒக்டோபரின் 16ஆம் திகதி நடந்ததையும் மறக்கலாகாது. வடக்கும் கிழக்கும் இணைந்த நிருவாகம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2007 சனவரி 1ஆம் திகதி இரு மாகாணங்களும் பிரிந்தன. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தமோ, அடுத்தடுத்துள்ள இரண்டு அல்லது மூன்று மாகாணங்களை ஒரே நிருவாக அலகாக்கப் பாராளுமன்றம் சட்டமியற்றலாம் என்று எழுதியே வைத்திருக்கின்றது. நீதிமன்றம் கண்ட குறை, இணைத்த முறையிலே. முறையைத் திருத்திச் சட்டமியற்றப் பாராளுமன்றத்துக்கு ஒரு நாட் போதும். மனம் வேண்டுமே!

இதற்கும் முன்னே செல்வோம். 1957 யூலை 26ஆம் திகதி பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்தை எத்தனை பேர் இன்று எடுத்து வாசிக்கின்றனர்? இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிராந்தியங்கள் மாகாண எல்லையைக் கடந்தும் ஒன்றாகலாம். பொது நன்மைக்கான கருமங்களிற் சேர்ந்து செயலாற்றலாம். காணியும் காணி அபிவிருத்தியும் குடியேற்றமும் பிராந்திய சபைகளின் பொறுப்பில் இருக்கும் என்பன அதன் ஏற்பாடுகள். ஒன்றாவதற்கும் பிரிவதற்கும் பாராளுமன்றத்தின் அங்கீகாரம் வேண்டும் என்றும் அது சொல்லிற்று. இதில் எங்கே பிரிவினை? ஊர்க்குடிகள் சபையொன்று இரு அரசுகளின் மண்ணிலே செய்வதை, ஒரே அரசின் மண்ணில், ஒரே பாராளுமன்றத்தின் அனுமதியோடு செய்ய விடுங்கள் என்பதன்றோ அது? அதற்கே கண்டி யாத்திரை கிளம்பிற்று. 1958 ஏப்பிரல் 9ஆம் திகதி பிக்குமார் பிரதம மந்திரியின் றொஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் அமர, ஒப்பந்தம் கிழிந்தது. அடுத்த மாதமே நாடு பற்றியெரிந்தது. அதிகாரத்தைப் பகிர்ந்ததனாலா எரிந்தது? பகிர மறுத்த பின்னரன்றோ எரிந்தது!

நம் தரப்பையும் சும்மா விடுவதற்கில்லை. 2013 செப்ரெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அந்த ஐந்தாண்டுகளில் தீர்மானங்கள் நூற்றுக்கணக்கிற் குவிந்தன. நியதிச் சட்டங்களோ சிலவே. தீர்மானம் மேசையை அலங்கரிக்கும். சட்டம் காணியைக் காக்கும். சான் ஜங்கோல்ப் மக்கள் பழைய எழுத்தொன்றின் துணையோடு வலிய அரசையே பின்வாங்கச் செய்தனர். நம்மவரோ கையிலிருந்த சொற்ப அதிகாரத்தில் ஓர் எழுத்தையேனும் உருப்படியாக விட்டுச் செல்லாமல், அதிகாரம் போதாது என்று அறிக்கை விட்டனர். போதாது என்பது உண்மையே. போதாததை வைத்தும் உழுது காட்டுபவனே கமக்காரன்.

கடலைப் பற்றியும் ஒரு சொல். லெமான் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீற்றர். ஏறத்தாழ 60 வீதம் சுவிற்சர்லாந்துக்கு, எஞ்சியது பிரான்சுக்கு. எல்லை நீரின் நடுவே ஓடுகின்றது. ஆயினும் 1962இல் அந்நீரின் தூய்மையைக் காக்க இரு நாடுகளும் ஒரு கூட்டு ஆணைக்குழுவை அமைத்தன. 1980இல் மீன்பிடிக்கென்றே ஓர் உடன்படிக்கை செய்தன. வலையின் கண் எவ்வளவு, எக்காலத்தில் எந்த மீனைப் பிடிக்கலாகாது, எவ்வளவு சிறிய மீனை நீரில் விட்டுவிட வேண்டும் என்பவற்றுக்கு இரு கரைக்கும் ஒத்த விதிகள். அவ்விதிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. பாக்கு நீரிணையில் நமக்கு வாய்த்தது யாது? 1974இல் ஒரு கோடு, 1976இல் மன்னார்க் குடாவில் இன்னொரு கோடு. டில்லியும் கொழும்பும் வரைபடத்தைக் கீறிவிட்டு எழுந்து போயின. மீனைக் காக்க ஒரு பொது விதியில்லை, வலைக்கு ஓர் அளவில்லை, மீனவன் அமர ஒரு சபையில்லை. அடியோடு வாரும் இழுவை மடியை இலங்கை 2017இற் சட்டத்தால் தடை செய்தது. அப்பாலிருந்து வரும் இழுவைப் படகுகள் வடகடலின் அடித்தளத்தையும் நம் சிறு மீனவனின் வலையையும் அதன் பின்னரும் வாரிச் சென்றன. இரு கரையிலும் தமிழன். இரு கரையிலும் ஏழை. கோடு கீறியவர்கள் எவரும் அந்தக் கடலில் வலை வீசுவதில்லை. கச்சதீவு அந்தோனியார் கோயிற் திருநாளில் மட்டும் இரு கரையாரும் ஒன்றாய் அமர அனுமதிக்கின்றனர். திருநாள் முடிந்ததும் மீண்டும் கடற்படையும் கைதும்.

ஆகவே, இனி எந்த அரசாங்கமேனும் புதிய அரசியலமைப்பு வரைவொன்றை மேசையில் வைக்கும்போது, நம் பிரதிநிதிகள் மூன்று வாசகங்களைக் கையிற் கொண்டு செல்ல வேண்டும் என்று வற்புறுத்துகின்றோம். காணியும் குடியேற்றமும் பிராந்தியத்தின் அதிகாரம் என்ற 1957ஆம் ஆண்டு வாசகம் ஒன்று. எல்லை கடந்து பிராந்தியங்கள் சேர்ந்து செயலாற்றலாம் என்ற அதே ஒப்பந்தத்தின் வாசகம் மற்றொன்று. வடகடலின் மீன்பிடி விதிகளை இரு கரை மீனவரும் அமரும் நிரந்தரச் சபையே வகுக்கும் என்பது மூன்றாவது; இது இனித்தான் எழுதப்பட வேண்டும். இவற்றை நாட்டைப் பிளக்கும் வாசகங்கள் என்று கொழும்பில் எவரேனும் சொல்வாராயின், அவரை ஜெனீவாவிலிருந்து கிழக்கே அழைத்துச் சென்று, மோர்ஜ் ஆற்றுப் பாலத்தின் நடுவில் நிறுத்தி, பிளந்தது எது என்று காட்டச் சொல்லுங்கள்.